லா இல்லாத கடிதம்

என் மகனுக்கு வாக்கியத்தை முடிக்கத் தெரியாது. ‘லா’ போட்டுத்தான் முடிப்பான். சாப்பிட்டேன் லா, தெரியாது லா, வரேன் லா. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாருமே அப்படித்தான், என் வாயிலும் அது வரும். ஆனால் இவனுக்கு அது இல்லாமல் பேச்சே வராது. தொடக்கப்பள்ளியில் தமிழ் வாய்மொழித் தேர்வு வந்தபோது ஒரு மாதம் வீட்டில் லாவுக்குத் தடை போட்டேன். சொன்னால் அன்றைக்குத் தொலைக்காட்சி கிடையாது. பயல் ஒரு மாதம் ஊமை மாதிரி இருந்துவிட்டு, தேர்வு அறைக்குள் போய், “வணக்கம் லா, சார்” என்று ஆரம்பித்துவிட்டு வந்தான். அதை அவனே சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். அடிக்கக் கை ஓங்கினேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் வளர்ந்து, ராணுவத்தில் தேசிய சேவை முடித்து, வேலைக்குச் சேர்ந்து ஊர் ஊராகப் போக ஆரம்பித்த பிறகு அந்த லாதான் எனக்குக் கைகொடுத்தது. நீளமாக எழுதுகிறவன் இல்லை அவன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி இரண்டு சொல் அனுப்புவான். ‘ஓக்கே லா’ என்று வந்தால் நிஜமாகவே ஓக்கே. ‘ஓக்கே’ என்று மொட்டையாக வந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். காய்ச்சலாக இருக்கும், அல்லது மேலதிகாரி திட்டியிருப்பார். உடனே போன் போட்டுக் கேட்டால், “உனக்கு எப்படிம்மா தெரியும்?” என்பான். நான் சொல்லமாட்டேன். என் கணவருக்கு மட்டும் தெரியும். “நீ என்ன, டாக்டர் கணக்கா நாடி பிடிச்சுப் பாக்கிற?” என்று கிண்டல் செய்வார். நான் பிடித்த நாடி ஒருதடவையும் தப்பியதில்லை.

அவன் வேலை துணி சம்பந்தப்பட்டது. தஞ்சோங் பகாரில் ஒரு சின்ன நிறுவனம். வெளிநாட்டுக் கடைகளுக்காக டாக்காவில் சட்டைகள் தைக்கக் கொடுத்து வாங்குகிறார்கள். கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் இவன் அங்கே போய்த் தையலும் அளவும் சரியா என்று பார்க்க வேண்டும். நான் தேக்கா நிலையச் சந்தையின் மேல்மாடியில் ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு ரவிக்கை தைக்கிறவள். “நீ ஒரு பிளவுஸ் தச்சு முடிக்கிறதுக்குள்ள அங்க ஒரு கண்டெய்னர் ரொம்பிடும்மா” என்பான். “உன் கண்டெய்னர்ல ஒண்ணாச்சும் உடம்புக்குப் பொருந்துமாடா?” என்று நானும் விடமாட்டேன்.

அந்த வருஷம் ஆடி பிறக்கிற நேரத்தில் அவன் மறுபடியும் டாக்கா போனான். போன புதிதில் எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. தங்கியிருந்த ஹோட்டலில் பக்கத்து அறையில் ஒரு திருப்பூர்க்காரர் இருக்கிறார், அவரும் ஆலை வேலையாக வந்தவர், ராத்திரிச் சாப்பாடு அவரோடுதான் என்று சொன்னான். பிறகு அரசாங்க வேலை ஒதுக்கீட்டை எதிர்த்து அங்கே மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். செய்தியில் புகையைக் காட்டினார்கள், ஓடுகிறவர்களைக் காட்டினார்கள், தலைக்கவசம் போட்ட போலீஸைக் காட்டினார்கள். நான் போன் போட்டேன். “எங்க ஹோட்டல் பக்கம் ஒண்ணும் இல்லம்மா. ஃபேக்டரி க்ளோஸ். ரூம்லயே இருக்கேன், ஓக்கே லா” என்றான். லா இருந்தது, அதனால் வேலைக்குப் போனேன்.

மறுநாள் இணையத்தை அணைத்துவிட்டார்கள். ஒரு நாட்டுக்கே இணையத்தை அணைக்க முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் அனுப்பிய செய்திகளுக்குப் பக்கத்தில் எல்லாம் ஒற்றை டிக். சாப்பிட்டியா, ஒற்றை டிக். எங்க இருக்கே, ஒற்றை டிக். சாதாரணமாக அழைத்தால் ஒரு பெண் குரல் எனக்குப் புரியாத மொழியில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அன்று சாயங்காலச் செய்தியில் ஊரடங்கு என்றார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. கொவிட் காலத்தில் எல்லாரையும் வீட்டுக்குள் உட்கார வைத்தபோதுகூட அதற்கு ‘சர்க்யூட் பிரேக்கர்’ என்று ஏதோ மின்சார வயர் பழுதான மாதிரிதான் பெயர் வைத்தோம். கண்டதும் சுட உத்தரவு என்று அடுத்த வரியில் வாசித்தார்கள். கணவர் ரிமோட்டை எடுத்து வேறு சேனல் மாற்றினார். அங்கே யாரோ கேக் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அதைக் கடைசி வரை பார்த்தோம்.

அவர் பேருந்து ஓட்டுநர். தெம்பனிஸிலிருந்து கிளம்பி, சுற்றிவிட்டுத் தெம்பனிஸுக்கே வருகிற தடம். ஓட்டும்போது போனை எடுக்க முடியாது. அதனால் அவருக்கு அந்த நேரமாவது நிம்மதி என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, ரவிக்கை வேலையும் குறைவு. கை சும்மா இருந்தால் போனைத்தான் எடுக்கும். எடுப்பேன், பார்ப்பேன், வைப்பேன். ஒருநாள் முழுவதும் செய்த வேலை அவ்வளவுதான். ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நாலு புடவைக்கு ஃபால்ஸ் அடித்த மாதிரி இடுப்பு விட்டுப்போயிருக்கும்.

கடைக்கு வருகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அந்த நாட்களில் எனக்கு யாரையும் பிடிக்கவில்லை. ஒரு அம்மா, “அங்க கலவரமாமே, உங்க பையன் அங்கதானே?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் ரவிக்கைக் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னார். இன்னொருவர் யார் பக்கம் நியாயம் என்று அரைமணி நேரம் விளக்கினார். அந்தப் பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கலாம், இருக்கும். எனக்கு அப்போது நியாயம் வேண்டியிருக்கவில்லை, என் பிள்ளைதான் வேண்டியிருந்தது. தெருவில் இறங்கியதும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு அப்படித்தான் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அவன் அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பார்த்து அலுத்துப் போய், நேரிலேயே போனேன். தஞ்சோங் பகாரில் கண்ணாடிக் கட்டடம். லிஃப்டுக்குக்கூட அட்டை தட்ட வேண்டும். கீழே இறங்கி வந்த சீனப் பெண்ணுக்கு என் மகன் வயசுதான் இருக்கும். “ஆன்ட்டி, வீ ஆர் மானிட்டரிங் த சிச்சுவேஷன்” என்றாள். நான்கூட மானிட்டரிங்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் கண்ணும் தூங்காத கண்ணாக இருந்ததால் விட்டுவிட்டேன். எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தாள்.

வெளியே வந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தேன். அந்தப் பக்கம்தான் என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஊரில் ஏதாவது கலவரம் என்று பேச்சு வந்து, அப்பா வர நேரமானால், அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் துறைமுக வாசலுக்கு நடந்துபோய் நிற்பாளாம். எனக்கு அப்படி நடந்துபோய் நிற்க ஒரு வாசல்கூட இல்லையே என்று அன்றைக்கு அழுதேன். நடைபாதையில் நின்றுதான் அழுதேன். ஆபீஸ் ஆட்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

செய்தி வந்தது அதற்கு அடுத்த நாள் மத்தியானம். ஒரு பெண்ணுக்கு ரவிக்கை அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் குண்டூசி. போன் அதிர்ந்தது. இணையம் வேண்டாத சாதாரண எஸ்எம்எஸ். தெரியாத எண், டாக்கா எண். திறந்தால் தமிழ் எழுத்து.

‘அன்புள்ள அப்பா அம்மா, நான் இங்கு நளமாக இருக்கிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம். வேளைக்குச் சாப்பிடவும். இப்படிக்கு, உங்கள் அன்பு மகன்.’

குண்டூசியைத் துப்பிவிட்டு நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார். முதலில் சந்தோஷம்தான். அளவு கொடுக்க வந்த பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு நான் அதை இரண்டாம் முறை படித்தேன். அவள் கையை விலக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

இவன் எனக்கு ஒருநாளும் தமிழ் எழுத்தில் செய்தி அனுப்பியதில்லை. ‘இங்கு’ என்று எழுதியதில்லை. ‘அன்பு மகன்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை, சொன்னால் அவனே சிரிப்பான். முக்கியமாக, லா இல்லை. ஒரு இடத்திலும் இல்லை. திரும்பத் திரும்பத் தேடினேன், அந்த நாலு வரியில் எங்கே ஒளிந்திருக்க முடியும்? அந்த எண்ணுக்கு அழைத்தேன். அதே பெண் குரல்தான் வந்தது.

கணவர் வேலை முடிந்து வந்ததும் போனை நீட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்து ஓவென்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

“நளம்! பாத்தியா? நளம்! உலகத்துல வேற யாரு இப்படி எழுதுவா?”

அது உண்மை. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொன்னால் ஒவ்வொரு முறையும் ‘நளம்’ என்றுதான் எழுதுவான். துணைப்பாட ஆசிரியை சிவப்பு மையில் சுழித்துச் சுழித்து ஓய்ந்துபோனார். அந்தக் காலத்துக் கடித மாதிரியேதான் இந்தச் செய்தியும் இருந்தது, அன்புள்ளவிலிருந்து இப்படிக்கு வரைக்கும்.

“அந்தத் திருப்பூர்க்காரரு எழுதியிருப்பாருங்க” என்றேன்.

“திருப்பூர்க்காரரு நலத்துக்கு இந்த ள போடுவாராம்மா?”

“ஏன், அங்க மட்டும் எல்லாரும் புலவரா?”

“சரி, அவரே எழுதட்டும். இவன் சொல்லித்தானே எழுதணும்?”

“இவனால ஏன் எழுத முடியல? கைக்கு என்ன? நெனவு இருக்கா? இவன் எழுதியிருந்தா லா எங்க?”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பிள்ள உயிரோட இருக்கேன்னு எழுதியிருக்கான். நீ அதுல லா இல்லன்னு அழுவுற” என்றார். அவருக்கு அந்த ள போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. ஒரே செய்தியை வைத்துக்கொண்டு அவர் சாப்பிட்டார், நான் தட்டைத் தள்ளி வைத்தேன். சாப்பிட்டு எழுந்தவர், மகனுடைய அலமாரியிலிருந்து தேய்த்து வைத்திருந்த சட்டைகளை எடுத்து மறுபடியும் தேய்த்தார். அப்போதுதான் அவருக்கும் அந்த ள முழுசாகப் போதவில்லை என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு லெம்பு ரோடு பக்கம் நடந்தேன். அங்கேதான் வங்காளதேசத்துத் தொழிலாளிகள் விடுமுறை நாளில் கூடுவார்கள். அவர்களில் ஒருவர் எனக்குப் பழக்கம். கட்டுமானத் தளத்தில் நம் ஊர் ஆட்களோடு வேலை பார்த்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். கால்சட்டை நீளம் குறைக்க என்னிடம்தான் வருவார். அந்த எண்ணைப் பிடிக்க அவருக்கு ஏதாவது வழி தெரியுமா என்று கேட்கலாம் என்று போனேன்.

எப்போதும் அந்த இடத்தில் இரைச்சல் தாங்காது. அன்றைக்குக் கூட்டம் அதே கூட்டம், ஆனால் சத்தம் இல்லை. புல்லில் உட்கார்ந்தவர்களும் சுவரில் சாய்ந்தவர்களும் கையில் போனை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் போனிலும் ஒற்றை டிக்தான் என்று பக்கத்தில் போகாமலே தெரிந்தது. அவரைத் தேடிக் கண்டுபிடித்துச் செய்தியைக் காட்டினேன். தமிழ் படிக்கத் தெரியாது அவருக்கு. நான் வாசித்தேன். எண்ணைத் தன் போனில் அடித்துப் பார்த்து, தலையை ஆட்டினார்.

“லைன் இல்ல அக்கா. ஆனா மெசேஜ் வந்திருக்கு. நல்லது அக்கா.”

“உங்க வீட்டுல பேசினீங்களா?”

“இல்ல. பொண்டாட்டி, ரெண்டு பிள்ளை. தம்பி காலேஜ் படிக்குது. அதான் பயம்.” அவர் என் போனைத் திருப்பிக் கொடுக்காமல் அந்தத் தமிழ் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு ஒண்ணும் வரல அக்கா.”

நான் இன்னும் லாவைப் பற்றிச் சொல்லவில்லை. அதையும் சொல்லலாம் என்றுதான் வந்திருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. பக்கத்துக் கடையில் இரண்டு தேநீர் வாங்கிக்கொண்டு வந்தேன், நின்றுகொண்டே குடித்தோம். தம்பி என்ன படிக்கிறான் என்று கேட்டேன். இன்ஜினியர் என்றார்.

சில நாட்களில் இணையம் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெற்றது. ஒரு காலையில் என் ஒற்றை டிக் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக இரட்டையாகின. ‘மா, ஓக்கே லா, டிக்கெட் பாக்கிறோம் லா’ என்று வந்தது. ஆங்கில எழுத்தில், கன்னாபின்னாவென்று. அதைப் படித்துவிட்டு நான் தையல் மெஷின் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டேன். மேல்மாடியில் யாரும் என்னை எழுப்பவில்லை.

சாங்கி விமான நிலையத்தில் அவன் வெளியே வந்தபோது கையும் காலும் சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். எல்லாம் இருந்தது. கொஞ்சம் மெலிந்திருந்தான், தாடி விட்டிருந்தான். “அலமாக், என்ன லா ரெண்டு பேரும் லீவு போட்டு வந்திருக்கீங்க” என்று மலாய் ‘ஐயோ’ போட்டான். அவன் அப்பா அவன் பெட்டியைப் பிடுங்கித் தானே இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தார், முகத்தை எங்களுக்குக் காட்டாமல்.

கால்சட்டை நீளம் குறைக்கிறவரும் பிறகொரு நாள் கடைக்கு வந்தார். தம்பி வீட்டில்தான் இருக்கிறானாம். அவனுடைய சிநேகிதன் ஒருவன் வீடு திரும்பவில்லையாம். சொல்லிவிட்டுக் கால்சட்டையை நீட்டினார். நான் அதற்குக் கூலி வாங்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

மகனிடம் நான் உடனே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவன் பகலெல்லாம் தூங்கினான். லிஃப்ட் கதவு சத்தமாக மூடினால் திரும்பிப் பார்த்தான். கேட்டால் “ஒண்ணும் இல்ல லா” என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பிடித்த நெத்திலி சம்பல் செய்து, சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

“அந்த மெசேஜ் யாருடா எழுதினது?”

“எந்த மெசேஜ்?”

“நளமாக இருக்கிறேன்.”

சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். “நான்தான். பக்கத்து ரூம் அண்ணன் போன்ல டைப் பண்ணேன். அவர் போன்லதான் தமிழ் கீபோர்ட் இருந்துச்சு.”

“உனக்கு எதுக்கு தமிழ் கீபோர்ட்? எப்பவும் போல ரெண்டு வார்த்தை தட்ட வேண்டியதுதானே? லா இல்லாம அனுப்பி எங்க உயிர எடுத்துட்டே.”

அவன் சிரிப்பை நிறுத்தினான். சோற்றைப் பிசைந்தான், வாயில் வைக்கவில்லை.

“அன்னைக்கு ஹோட்டல் லாபி கண்ணாடிய உடைச்சுட்டாங்கம்மா. வெளிய சுடுற சத்தம். எங்கள எல்லாம் கிச்சன் ஸ்டோர்ல உக்கார வச்சு லைட்ட ஆஃப் பண்ணிட்டாங்க. என் போன்ல சிக்னலே இல்ல. அண்ணனோட உள்ளூர் சிம்ல கொஞ்சம்தான் பேலன்ஸ் இருந்துச்சு. ஒரு மெசேஜ்தான் போகும், எழுதுன்னு குடுத்தாரு.” தண்ணீர் குடித்தான். “அதான் கடைசி மெசேஜா இருந்தா, ஒழுங்கா இருக்கட்டும்னு நெனச்சேன் லா. ஸ்கூல்ல படிச்ச மாதிரி. எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்.”

அடுக்களை வாசலில் நின்றிருந்த அவன் அப்பா அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. கழுவ அங்கே பாத்திரம் எதுவும் இல்லை.

நான் பயந்தது சரிதான் என்று தெரிந்துகொண்டதில் ஒரு சுகமும் இல்லை. அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சம்பல் வைத்தேன்.

“இனிமே எப்படி இருந்தாலும் லா போட்டே எழுது. என்ன நடந்தாலும் சரி. எனக்கு அந்த ஒழுங்குத் தமிழ் வேணாம்டா.”

“சரி லா” என்றான்.

அங்கே ஆட்சி மாறிவிட்டது என்றார்கள், ஆலைகள் திறந்துவிட்டன என்றார்கள், பிறகு மறுபடியும் ஏதேதோ சொன்னார்கள். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். போகாதே என்று சொல்லிப் பார்த்தோம். வேலையை விட்டால் வேறு வேலை எங்கே லா என்றான். இப்போது மறுபடியும் போய்வந்துகொண்டுதான் இருக்கிறான். சொன்ன சொல் தவறாத பிள்ளை. ஒரு செய்திகூட லா இல்லாமல் வருவதில்லை. சாப்பிட்டேன் லா, ரூம்லதான் லா, ஓக்கே லா. நேற்று செய்தியில் மறுபடியும் டாக்காவில் புகையைக் காட்டினார்கள். நான் போனை எடுத்துக் கேட்டேன். உடனே பதில் வந்தது: ‘ஓக்கே லா, ரொம்ப ஓக்கே லா.’ அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அது நிஜ லாவா, நான் கேட்டதற்காகப் போட்ட லாவா என்று எனக்குத் தெரியவில்லை.